காஞ்சிபுரம் நெசவு வட்டாரத்தில் இளையோர் தலைமைப் பயிற்சி

காஞ்சிபுரம் நெசவு வட்டாரத்தில் இளையோர் தலைமைப் பயிற்சி என்பது, பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம் ஆகிய நகர்ப் பகுதிகளிலும், வாலாஜாபாத், ஐயம்பேட்டை, உத்திரமேரூர் பக்கத்து ஊர்களிலும் வாழும் பதின்பருவத்தினரைக் கூடிப் பேசவும், கணக்கு வைக்கவும், அதிகாரிகளிடம் கேள்வி கேட்கவும், ஊர்ப் பொறுப்பை ஏற்கவும் பழக்குவதற்காக இருபதாம் நூற்றாண்டிலிருந்து நடந்து வரும் முயற்சிகளைக் குறிக்கும். சாதிச் சங்கங்கள், அரசியல் இயக்கங்கள், அரசுத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள் எனப் பலரும் இதில் பங்கு பெற்றனர். நாட்டின் பிற பகுதிகளில் நடந்தவற்றோடு இவை பெரும்பாலும் ஒத்தவையே. ஆனால் இந்த வட்டாரத்தில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. பயிற்சிக்கு வர வேண்டிய சிறுவரும் சிறுமியரும் தறியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய பகல் நேரம் முன்பணத்துக்கு ஈடாக முன்கூட்டியே விற்கப்பட்டிருந்தது. ஆகவே இங்கே தலைமைப் பயிற்சியின் வரலாறும் குழந்தை உழைப்பு மீட்பின் வரலாறும் பிரிக்க முடியாதவை.

பழைய ஊராட்சியில் வயது

இந்த வட்டாரத்தின் உள்ளாட்சி மரபைப் பேசுவோர் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலிருந்து தொடங்குவது வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. இளையோர் நோக்கில் அவற்றைப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். 35 வயது நிரம்பியவரே உறுப்பினராகலாம். வரி செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையும் வேண்டும். வேதக் கல்வியும் தகுதிகளில் ஒன்று. அது ஒரு பிராமணச் சபையின் விதி. இளைஞரும், நிலமற்றவரும், பெண்களும், நெசவு முதலிய தொழில் செய்தோரும் அதன் கணக்கில் வரவில்லை. மக்களாட்சிக்கு முன்னோடி என்று போற்றப்படும் இந்த ஏற்பாட்டில், இளையோரைப் பொறுப்புக்குப் பழக்கும் வழி எதுவும் சொல்லப்படவில்லை.

தறியும் துணையாளும்

காஞ்சிப் பட்டின் தனித்தன்மை கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறத்திலும் இரு கரைகளும் மாறுபட்ட நிறத்திலும் அமைய வேண்டுமானால், உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு நாடாக்கள் என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒவ்வோர் ஊடையிலும் உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று கோத்துக் கொள்ள வேண்டும். கோர்வை பிசகினால் கரை தனியே கிழிந்து வரும். சரியாக அமைந்தால் சேலை நைந்த பிறகும் கரை பிரியாது என்பார்கள். குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளர் ஒருவரே இந்த மூன்று நாடாக்களையும் வேகமாகக் கையாள்வது கடினம். எனவே ஒரு கரைப் பக்கம் நாடா தள்ள ஒரு துணையாள் தேவைப்பட்டார்.

அந்தத் துணையாள் வளர்ந்தவராக இருந்தால் கூலி கட்டாது. சேலைக்குக் கிடைக்கும் கூலியை நூல், ஜரிகை கொடுக்கும் முதலாளியே நிர்ணயித்தார். அதிலிருந்துதான் துணையாளின் கூலியையும் நெசவாளர் கொடுக்க வேண்டும். ஆகவே வீட்டுப் பிள்ளையோ, பக்கத்துக் கிராமத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளையோ அந்த இடத்தில் உட்கார்ந்தது. பெற்றோர் சில ஆயிரம் ரூபாய் முன்பணம் வாங்குவர். அந்தக் கடன் தீரும் வரை பிள்ளை வேறு தறிக்கோ பள்ளிக்கோ போக இயலாது. கூலியில் சிறு பகுதி பிடிக்கப்படும், திருவிழாவுக்கும் மருந்துக்கும் மேற்கொண்டு கடன் வாங்கப்படும், கணக்கு தீராது. நெசவாளரே முதலாளியிடம் முன்பணம் வாங்கியவராக இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. கடன் மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் ஒரு சிறுமியின் கையில் வந்து நின்றது.

சட்டம் இதைத் தடுக்கவில்லையா என்று கேட்கலாம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், துணி நெசவையும் சாயமிடுதலையும் 14 வயதுக்குட்பட்டோருக்குத் தடை செய்யப்பட்ட தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடத்தும் பட்டறைக்கு அதே சட்டம் விலக்கு அளித்தது. வீட்டுக்குள் தறி இருக்கும் ஊரில், தறியில் இருக்கும் எந்தப் பிள்ளையையும் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட முடிந்தது.

சங்கமும் மேடையும்: 1925 முதல் 1960கள் வரை

தறியின் இன்னொரு பக்கத்தில், இதே ஊரில் தமிழகத்தின் மிகத் திறமான இளையோர் அரசியல் பயிற்சியும் நடந்தது. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் திரு.வி.க. தலைமையில் நடந்த காங்கிரஸ் மாகாண மாநாட்டில், வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாததால் ஈ.வெ.ரா. பெரியார் வெளியேறினார். அப்போது காஞ்சிபுரத்தில் பள்ளிச் சிறுவனாக இருந்தவர் சி. என். அண்ணாதுரை. 1909 செப்டம்பர் 15 அன்று நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அவர், பச்சையப்பன் பள்ளியில் படித்தார். குடும்ப நிலையால் இடையில் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகவும் சிறிது காலம் வேலை செய்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குச் சென்றார். 1934-இல் திருப்பூரில் நடந்த செங்குந்தர் இளைஞர் மாநாட்டில்தான் அவர் பெரியாரை முதன்முதலாகச் சந்தித்தார்.

இந்தச் சந்திப்பு அரசியல் வரலாற்றில் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அது ஓர் இளைஞர் மாநாட்டில் நிகழ்ந்தது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. நெசவுச் சமூகங்கள் அக்காலத்தில் தம் இளைஞருக்கென மாநாடு கூட்டின. கல்வி உதவி, சீர்திருத்தம் ஆகியவை அங்கே பேசப்பட்டன. தீர்மானம் எழுதுவது, முன்மொழிவது, வழிமொழிவது, நேரம் பார்த்துப் பேசி முடிப்பது போன்றவற்றை இருபது வயது இளைஞர் கற்றுக்கொண்ட இடம் அதுவே. சாதி அடிப்படையில் அமைந்தது அதன் குறை. ஆயினும் பயிற்சி என்ற அளவில் அது உண்மையானது.

1942-இல் அண்ணா காஞ்சிபுரத்திலிருந்து ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். அதன்பின் இரண்டு தலைமுறைகளுக்குப் படிப்பகம், முடிதிருத்தும் நிலையம், தேநீர்க் கடை ஆகியவையே கிராமத்து இளைஞரின் பயிற்சிக் கூடங்கள். ஒருவர் இதழை உரக்கப் படிக்க மற்றவர் கேட்பர். படித்தவன் நாளடைவில் பேச்சாளன் ஆவான். படிப்பகத்துக்குச் சந்தா வசூலித்தவன் கணக்கு எழுதக் கற்றான். யாரும் இதைத் திட்டம் என்று அழைக்கவில்லை. ஆனால் 1967-இல் ஆட்சிக்கு வந்த கட்சியின் ஊர்க்கிளைகள் பெரும்பாலும் இப்படி வளர்ந்தவர்களால் நடத்தப்பட்டவை.

அந்தக் கூட்டங்களில் இல்லாதவர் யார் என்று பார்த்தால் கதை மாறும். சிறுமியர் இல்லை. பட்டியல் சாதியினரின் குடியிருப்புகளிலிருந்து வந்தோர் குறைவு. மாலையிலும் தறியை விட முடியாத துணையாள் பிள்ளைகள் இல்லை. விளக்கொளியில் படிப்பகம் நிறைந்திருந்த அதே நேரத்தில் அடுத்த தெருவில் நாடா ஓடிக்கொண்டிருந்தது.

அரசுத் திட்டங்கள்

1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம், ஊராட்சி ஒன்றியங்கள் வழியாக இளைஞர் மன்றங்களை அமைத்தது. அதன் பின்னணியில் வெளிநாட்டு முன்மாதிரி ஒன்றும் இருந்தது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1902-இல் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் தொடங்கிய சிறுவர் வேளாண் மன்றம், பிறகு ‘ஃபோர்-எச்’ இயக்கமாக வளர்ந்தது. அங்கே பதின்பருவத்தினர் தமக்கென ஒதுக்கிய சிறு நிலத்தில் சோளமோ தக்காளியோ பயிரிட்டு, வரவு செலவை எழுதி, கண்காட்சியில் வைத்து விளக்கினர். தமக்குச் சொந்தமான ஒரு வேலை, தாமே எழுதிய ஒரு கணக்கு என்ற இரண்டும் அதன் அடிப்படை. காஞ்சிபுரத்துச் சிறுவனும் பத்து வயதிலேயே வேலை செய்தான். அவனிடமும் திறமை இருந்தது. ஆனால் வேலை அவனுடையதன்று, கணக்கும் அவன் கையில் இல்லை. இங்கே அமைந்த இளைஞர் மன்றங்கள் பெரும்பாலும் கைப்பந்தும் கேரம் பலகையும் வழங்கும் இடங்களாக நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலமைச்சரான பிறகு அண்ணா ‘சீரணி’ என்ற தன்னார்வப் பணித் திட்டத்தைக் கொண்டு வந்தார். இளைஞர்கள் கூடி உடலுழைப்பால் ஊர்ப்பணிகளைச் செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தபின் அது நீண்ட நாள் நிலைக்கவில்லை. அதன் பெயர் சென்னைக் கடற்கரையின் சீரணி அரங்கத்தில் சில பத்தாண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தது, பின்னர் அந்த அரங்கமும் இடிக்கப்பட்டது. படிப்பகத்தில் உருவான தலைவர் ஒருவர், ஆட்சிக்கு வந்தபின் இளையோரைப் பேச்சிலிருந்து மண்வெட்டிக்குத் திருப்ப நினைத்தார் என்ற அளவில் சீரணி கவனத்துக்கு உரியது.

அதே 1969-இன் செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. 1972-இல் நேரு இளையோர் மையங்கள் வந்தன. படிப்பை விட்ட கிராம இளைஞருக்காக அமைக்கப்பட்டவை அவை. முதலாவது, மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் இருப்போருக்கானது. இரண்டாவது, ஊர் மன்றத்தில் சேர நேரம் உள்ளவர்க்கானது. இரண்டிலும் நல்ல பணிகள் நடந்தன. ஆனால் எட்டாம் வகுப்போடு நின்று தறிக்குப் போன 14 வயதுப் பிள்ளையை இரண்டும் தொடவில்லை. 2016 வரை குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பும் 14 வயதோடு முடிந்தது. இளைஞர் திட்டங்கள் ஏறத்தாழ 15 வயதுக்கு மேலேதான் தொடங்கின. பதின்பருவத்தின் மிக முக்கியமான ஆண்டுகள் இந்த இடைவெளியில் விழுந்தன.

தறியிலிருந்து வகுப்புக்கு

1990களில் இந்த நிலை மாறத் தொடங்கியது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988-இல் உருவானது. வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளைச் சிறப்புப் பள்ளிகளில் சேர்த்து, விட்ட வகுப்புகளை ஈடுகட்டி, முறையான பள்ளிக்கு அனுப்புவது அதன் வழி. காஞ்சிபுரத்தில் ‘ரைடு’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தொண்டு நிறுவனம் பட்டுத்தறிப் பிள்ளைகளைக் கணக்கெடுத்து, இணைப்புப் பள்ளிகளை நடத்தியது. 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் குறித்து வெளியிட்ட அறிக்கையில், காஞ்சிபுரம், வாரணாசி, கர்நாடகம் ஆகிய மூன்றும் விரிவாகப் பேசப்பட்டன. அடுத்து இந்திய, அமெரிக்க அரசுகளின் நிதியுடன் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நடத்திய ‘இண்டஸ்’ திட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை, நாமக்கல், விருதுநகர் மாவட்டங்களுக்கு வந்தது. பத்து அபாயத் தொழில்களில் பட்டும் ஒன்று.

தலைமைப் பயிற்சி என்ற பார்வையில் இண்டஸ் திட்டத்தில் இரண்டு கூறுகள் குறிப்பிடத் தக்கவை. ஒன்று, 14 முதல் 17 வயது வரை உள்ளோரையும் தொழிற்பயிற்சி மூலம் கணக்கில் எடுத்துக்கொண்டது. மற்றது, தாய்மாரைச் சுய உதவிக் குழுக்களில் சேர்த்து மாற்று வருவாய்க்கு வழிசெய்தது. முன்பணத்தை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் பள்ளிக்கு இழுத்தால், அடுத்த திருவிழாவுக்குள் பிள்ளை திரும்பவும் தறியில் இருக்கும். தருமபுரியில் 1989-இல் தொடங்கிய சுய உதவிக் குழு முறை, தாயின் கையில் சிறு கடன் பெறும் வழியைக் கொடுத்தது. படிக்கத் தெரிந்த மகள் அம்மாவின் குழுக் கணக்கை எழுதித் தருவது பல ஊர்களில் காணக்கூடிய காட்சியாயிற்று. பயிற்சி முகாமில் மூன்று நாள் சொல்லிக் கொடுப்பதைவிட, மாதந்தோறும் இருபது பெண்கள் முன்னால் கணக்கை வாசித்துக் காட்டுவது அந்தப் பெண்ணுக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

சிறப்புப் பள்ளிகளின் வரம்பும் தெளிவானது. பிள்ளைக்கு மாத உதவித்தொகை நெடுங்காலம் 150 ரூபாயாகவே இருந்தது. பிறகு 400 ரூபாய் ஆக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் கடனை அது தொடவே முடியாது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலும் தடை செய்து, 14 முதல் 18 வரை உள்ளோரை அபாயத் தொழில்களில் தடுத்தது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற வாசலை மூடவில்லை. 2021-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமே ஒருங்கிணைந்த கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவோடு இணைக்கப்பட்டது.

சிறுவர் மன்றமும் கிராம சபையும்

ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று ஏற்கப்பட்டது. இந்தியா 1992 டிசம்பரில் அதில் இணைந்தது. தம்மைப் பற்றிய விஷயங்களில் கருத்துக் கூறும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்பது அதன் 12-ஆவது பிரிவு. தமிழ்நாட்டில் இதற்கு உள்ளூர் வடிவம் கொடுத்தவற்றுள் கன்னியாகுமரிப் பகுதியில் அருட்தந்தை எட்வின் ஜான் வளர்த்த குழந்தைகள் நாடாளுமன்றம் முக்கியமானது. ஏறத்தாழ முப்பது வீடுகள் கொண்ட அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடி, தமக்குள் ஒரு பிரதமரையும், கல்வி, சுகாதாரம் முதலியவற்றுக்கு அமைச்சர்களையும் தெரிந்தெடுப்பர். தெருவிளக்கு எரியவில்லை, பேருந்து நேரத்துக்கு வரவில்லை என்று மனு எழுதுவது பிள்ளைகளின் வேலை. வட்டம் சிறிதாக இருப்பதால் கூச்சமுள்ள பிள்ளையும் பேச வேண்டி வரும்; முறையின் பலம் அதில்தான் இருக்கிறது. பெரிய மேடையும் ஒலிபெருக்கியும் வைத்து நடத்தும் ‘மாதிரி நாடாளுமன்றம்’ போட்டிகளில், ஏற்கெனவே பேசத் தெரிந்த பிள்ளையே மேலும் பேசுகிறது.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் 1996-இன் உள்ளாட்சித் தேர்தலும் இந்தப் பயிற்சிக்கு ஒரு பொருளைக் கொடுத்தன. வாக்களிக்க 18 வயது, உறுப்பினராகப் போட்டியிட 21 வயது போதும். பெண்களுக்கு முதலில் மூன்றில் ஒரு பங்கு இடங்களும், 2016-இல் செய்த சட்டத் திருத்தத்தால் பாதி இடங்களும் ஒதுக்கப்பட்டன. உத்திரமேரூரின் 35 வயதோடு ஒப்பிட்டால் வாசல் வெகுவாகத் திறந்திருக்கிறது. ஆனால் 18-க்குக் கீழ் உள்ளோர் கிராம சபையில் உறுப்பினர் அல்லர். 2009-இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி அமைந்த கிராமக் குழுக்களில் இரண்டு குழந்தைப் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு. இந்த இடம் எத்தனை ஊர்களில் கையெழுத்துக்கு மேல் பயன்படுகிறது என்பது அந்தந்த ஊராட்சித் தலைவரைப் பொறுத்தது. 15, 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஒரு முறையான நாற்காலி அது என்பதால், முகாம்களைவிட அதன்மீது கவனம் செலுத்துவது பயன் தரும்.

தறியிலிருந்து தொழிற்சாலைக்கு

இன்று பட்டுத்தறியில் பதின்பருவத்தினர் வெகுவாகக் குறைந்துவிட்டனர். கல்வியும் மீட்புப் பணியும் இதற்குக் காரணம் என்பது உண்மை. நெசவே இளையோரை ஈர்க்காமல் போனது அதைவிடப் பெரிய காரணம். கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினராக இருப்போர் வயது முதிர்ந்தவர்கள். அவர்களின் பிள்ளைகள் 18 வயது முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஏறுகின்றனர். 1990களின் பிற்பகுதியில் ஹூண்டாய், 2006-இல் நோக்கியா, பின்னர் ஃபாக்ஸ்கான் எனத் தொடர்ந்து வந்த ஆலைகள், சுற்று மாவட்டக் கிராமங்களின் இளையோரைப் பெருந்தொகையாக வேலைக்கு எடுத்தன. 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ போன்ற அரசுத் திட்டங்களும் இந்த வேலைவாய்ப்பை மனத்தில் கொண்டே திறன் பயிற்சி தருகின்றன. அங்கே ‘தலைமைப் பண்பு’ என்பது நேர்காணலில் தடுமாறாமல் பேசுவது என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு ஒவ்வாமையால் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் நிலை குறித்துத் தகவல் தெரியாத சக தொழிலாளர்கள், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு முழுவதும் அமர்ந்து மறியல் செய்தனர். பெரும்பாலும் பள்ளிப் படிப்பை முடித்துச் சில ஆண்டுகளே ஆன கிராமத்துப் பெண்கள் அவர்கள். அவர்களுக்கு அங்கே தொழிற்சங்கம் இல்லை. ஆலை மூடப்பட்டது, விடுதிகளின் நிலை தரமற்றது என்று ஒப்புக்கொள்ளப்பட்டது, 2022 ஜனவரியில் ஆலை மீண்டும் திறந்தபோது விடுதிகளைச் சீரமைக்கும் பணி தொடங்கியிருந்தது.